உஸ்தாதின் அருகே அமர வேண்டியவர் யார்?



வெள்ளிக்கிழமைகளில் நம்மில் பலர் பாங்கு சொல்வதற்கு முன்பே பள்ளிவாசலுக்குள் நுழைந்து, மிம்பருக்கு எதிரே உள்ள முதல் இரண்டு ஸஃப்புகளில் இடம் பிடித்து அமர்ந்துவிடுகிறோம். ஜும்ஆவுக்கு முன்னதாகவே நடந்து சென்று, இமாமுக்கு நெருக்கமாக அமர்ந்து, வீண் பேச்சின்றிச் செவிதாழ்த்திக் கேட்பவருக்கு அவர் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் மகத்தான நன்மை உண்டு என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அவ்ஸ் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. அதில் நெருங்கி அமர்வதும் செவிதாழ்த்துவதும் அடுத்தடுத்து வருகின்றன. தூணுக்குப் பின்னாலோ, செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசலருகிலோ அமர்ந்து குத்பாவைக் கேட்க முயன்றவர்களுக்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். மேல்தளத்தில் கரகரக்கும் ஒலிபெருக்கியை நம்பி ரமளான் பயானைக் கேட்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

பெரியவர்களாகிய நமக்கு இவ்வளவு தெரிந்திருந்தும், நம் பிள்ளைகள் மக்தபில் எங்கே அமர்கிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. மக்ரிபுக்குப் பின் ஓதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம், பாடம் ஒப்பித்தாயா, எந்த சூரா வந்திருக்கிறது என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்ம ஜுஸ்வை முடித்துவிட்டான், நம் பிள்ளை இன்னும் அலிஃப், பாவிலேயே நிற்கிறான் என்று வருந்துகிறோம். அவன் அமரும் இடத்துக்கும் அவன் நிற்கும் பாடத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் நமக்கு எழுவதே இல்லை.

மக்தபின் கற்பித்தல் முறை உண்மையில் அருகாமையின் மீதே அமைந்தது. ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன் சென்று மண்டியிட்டு, எழுத்தின் மீது விரல் வைத்து ஓதிக் காட்டி, பிழை திருத்தம் பெற்று, அடுத்த பாடத்தை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து ஈமானையும் இஸ்லாத்தையும் பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்களின் முழங்கால்களோடு தம் முழங்கால்களைச் சேர்த்து வைத்து அமர்ந்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் வர்ணிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் முன்னோர் அந்த அமர்வைத்தான் மக்தபுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் இன்று ஓர் உஸ்தாதுக்கு முப்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம் என்றால், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அருகாமை இரண்டு நிமிடம். மீதமுள்ள ஐம்பத்தெட்டு நிமிடங்களை அது எங்கே கழிக்கிறது என்பதுதான் நாம் பேச வந்த செய்தி.

எங்கள் மஹல்லாவில் நடந்த ஒன்றை, அதில் எங்கள் தவறும் கலந்திருப்பதால், மறைக்காமல் எழுதுகிறோம். மக்தபின் நிர்வாகப் பொறுப்பில் நாங்கள் சிலர் இருந்தோம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றித் தொடர்ந்து முறையீடு வந்துகொண்டிருந்தது. பாடத்தில் கவனமில்லை, அழைத்தால் திரும்புவதில்லை, பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுகிறான், பத்து மாதமாகியும் எழுத்துகளைப் பிரித்து உச்சரிக்கத் தெரியவில்லை என்பவை அவன் மீதான குற்றச்சாட்டுகள். அவனை வாசலுக்கருகே, கடைசி வரிசையில் அமர வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இடையூறாக இருக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்! இரண்டு முறை அவன் தந்தையை அழைத்து, பிள்ளையைக் கண்டிக்குமாறு நாங்களே சொன்னோம். மூன்றாவது முறை, சிறிது காலம் வீட்டிலேயே வைத்து ஓதிக்கொடுங்கள் என்று சொல்லிவிடலாமா என ஆலோசித்தோம். அவனுடைய உம்மா ஓதிக்கொடுக்கும் அளவுக்கு ஓதியவர் அல்லர் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நேரத்தில் பழைய உஸ்தாத் ஊர் மாறிச் செல்ல, இளவயது ஆலிம் ஒருவர் வந்தார். அவர் எவரிடமும் கேட்காமல் அந்தச் சிறுவனைத் தம் வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் அமர்த்திக்கொண்டார். இரண்டு வாரத்துக்குப் பின் எங்களிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "பையன் என் வாயைப் பார்த்தால் சரியாகச் சொல்கிறான். நான் குனிந்துகொண்டு சொன்னால் தவறாகச் சொல்கிறான். காது டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்." காட்டினார்கள். இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் சிறு பிள்ளைகளுக்கு இது பரவலாக வரும். வலியோ சீழோ இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் சில மாதங்களில் தானே வற்றிவிடும். சிலருக்கு மருத்துவம் தேவைப்படும். அதுவரை பிள்ளை காதில் விரல் வைத்துக்கொண்டு கேட்பது போல உலகத்தைக் கேட்கிறது. ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மங்கலாகவும் கேட்பதால், வேண்டுமென்றே கேளாதது போல நடிக்கிறான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் முடிவு கட்டினோம்.

அவன் காது கெட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல. கேட்காத பிள்ளையை, கேட்க இயலாத இடத்தில் பத்து மாதம் அமர்த்தி வைத்ததற்குப் பொறுப்பு எங்களுடையது.

அரபு எழுத்துகளைக் கற்பிப்பதில் தூரம் செய்யும் சேதத்தைத் தமிழ் பேசும் நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஸா, ஸீன், ஸாத் என மூன்று எழுத்துகள் உள்ளன. மூன்றையும் தமிழில் 'ஸ' என்ற ஒரே எழுத்தால்தான் எழுதுகிறோம். முதலாவதற்கு நாக்கின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டுச் சற்றே வெளியே தெரியும். இரண்டாவது சீழ்க்கை போன்ற மெல்லொலி. மூன்றாவதற்கு நாக்கின் பின்பகுதி உயர்ந்து ஒலி கனக்கும். ஹா என்று நாம் ஒரே மாதிரி எழுதும் இரண்டு எழுத்துகளில் ஒன்று தொண்டையின் நடுவிலிருந்தும் மற்றொன்று அதன் அடியிலிருந்தும் பிறக்கின்றன. இந்த வேறுபாடுகளைப் புத்தகம் சொல்லித் தராது; உஸ்தாதின் வாயைப் பார்த்தும் அவர் குரலை நெருக்கத்தில் கேட்டும்தான் பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் ஸா, ஸீன் போன்ற காற்றொலிகள் ஆற்றல் குறைந்தவை. சுற்றுப்புற இரைச்சலில் முதலில் மறைந்துபோகின்றவையும் இவைதான். திறந்த வெளியில் ஒலி, தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள் சுவர்களின் எதிரொலி சேர்வதால் சத்தம் அந்த அளவுக்குக் குறையாது. ஆனால் தெளிவு போய்விடும். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் கொண்ட நம் பள்ளிவாசல் கூடங்களில் கைதட்டிப் பாருங்கள், ஒலி எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று தெரியும். வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் சத்தமாக ஓதும் முப்பது பிள்ளைகள், வெளியே தெரு என்றிருக்கும் மக்தபில் அந்த அளவை நினைத்துப் பார்க்கவும் இயலாது.

பெரியவர்கள் காதில் விழாத சொல்லைப் பொருளைக் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். குத்பாவில் ஒரு சொல் தவறினாலும் வாக்கியம் நமக்குப் புரிந்துவிடும். பொருள் அறியாத மொழியின் எழுத்துகளை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு ஊகிக்க என்ன இருக்கிறது? கேட்டது கேட்டதுதான், தவறியது தவறியதுதான். பின்னால், நாற்பது வயதில், தொழுகையில் ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதும்போது ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக உச்சரித்துக்கொண்டிருப்பதை எவரேனும் சுட்டிக்காட்ட, வெட்கத்தோடு மீண்டும் ஓதக் கற்கும் சகோதரர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று வாசலருகே அமர்ந்தவர்களோ, அல்லாஹ்வே அறிவான்.

பள்ளிக்கூடத்திலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் ஆகிய இரு ஆய்வாளர்கள் வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட நூலில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடக்கும் உரையாடலில் பெரும்பகுதி முன்வரிசையிலும் நடு நெடுவரிசையிலும் அமர்ந்திருப்பவர்களோடுதான் நடக்கிறது என்று காட்டினார்கள். ஆர்வமுள்ள மாணவர் தாமாகவே முன்னால் சென்று அமர்வதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆசிரியரின் கண் இயல்பாக எங்கே செல்கிறது என்பதை அது காட்டிவிட்டது. கவனம் சிதறும் இயல்புள்ள பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையே இருபது தலைகள் இருந்தால், அந்த இருபது தலைகளும் அதற்கு இருபது வேடிக்கைகள். அருகில் இருந்தால் ஆசிரியர் மேசையை மெல்லத் தட்டினாலே போதும். பெயர் சொல்லி, எல்லோர் முன்னும் கண்டிக்கத் தேவையில்லை.

ஆக, அருகிடம் என்பது வகுப்பில் எண்ணிக்கைக்கு உட்பட்ட ஒரு செல்வம். அதை நாம் யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம்? பெரும்பாலான மக்தப்களில் நன்றாக ஓதும் பிள்ளைகள் முன்னால் இருக்கிறார்கள். அது அவர்களுக்குப் பரிசு. சில இடங்களில் முத்தவல்லியின் பேரனும் நன்கொடையாளரின் மகனும் முன்னால் இருக்கிறார்கள். அது எதற்குப் பரிசு என்று நாம் விளக்க வேண்டியதில்லை. தடுமாறுகின்ற பிள்ளை, ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒரு வரிசை பின்னால் நகர்கிறது.

அபஸ என்னும் எண்பதாவது அத்தியாயம் இறங்கிய சூழலை நாம் அனைவரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்கு இஸ்லாத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் மக்காவே திரும்பும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. அப்போது கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்து இடையில் பேச, அண்ணலாரின் முகத்தில் ஒரு சுளிப்புத் தோன்றியது. வந்தவரால் அதைப் பார்க்கவும் இயலாது. ஆனாலும் அல்லாஹ் அதைக் கண்டித்து வசனங்களை இறக்கினான். தேவையற்றவரைப் போல நடந்துகொள்பவருக்குக் கவனத்தை அளித்து, இறையச்சத்தோடு விரைந்து வந்தவரைப் புறக்கணிப்பதா என்பதே அவ்வசனங்களின் கேள்வி. பின்னாளில் மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மக்களுக்குத் தொழவைப்பவராகவும் அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) நியமிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தைக் கதையாகச் சொல்லும் நாம், அதே கூடத்தில், பார்வை மங்கிய பிள்ளையைக் கரும்பலகைக்கு எட்டாத தூரத்தில் அமர்த்திவிட்டுச் சொல்கிறோம்.

இந்தக் கருத்தை நாங்கள் முன்வைத்தபோது மார்க்க அறிவுடைய ஒரு பெரியவர் மறுப்புக் கூறினார். அவருடைய மறுப்பு மதிக்கத்தக்கது. சபைக்கு வருபவர் கிடைத்த இடத்தில் அமர்வதுதான் சுன்னத்; ஸஹாபாக்கள் சபை எங்கே முடிகிறதோ அங்கே அமர்ந்ததாக ஜாபிர் பின் சமுரா (ரலி) அறிவிக்கிறார்கள்; ஒருவரை அவர் இடத்திலிருந்து எழுப்பிவிட்டு மற்றொருவர் அங்கே அமரக் கூடாது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அப்படியிருக்க, முந்தி வந்து முன்னால் அமர்ந்த பிள்ளையை எழுப்பிப் பின்னால் அனுப்புவது எந்த நியாயம் என்று கேட்டார்.

அந்த நபிமொழி, ஒருவர் தமக்காக மற்றவரை எழுப்புவதைத் தடுக்கிறது. அதே அறிவிப்பின் தொடர்ச்சி, நகர்ந்து இடம் விடுங்கள் என்று ஏவுகிறது. அல்முஜாதலா அத்தியாயத்தின் 11-ஆம் வசனமும் சபைகளில் இடமளிக்கச் சொல்லிவிட்டு, எழுந்திருக்குமாறு கூறப்பட்டால் எழுந்துவிடவும் சொல்கிறது. அதற்கு விரிவுரையாளர்கள் பல பொருள் கூறியிருந்தாலும், சபையை நடத்துபவர் கேட்டுக்கொண்டால் எழுவது அவற்றுள் ஒன்று. மேலும், வந்தவர் வந்த இடத்தில் என்ற ஒழுங்கு எல்லோருக்கும் பயன் தராத நிலை வந்தபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஆண்கள் எங்களை முந்திவிடுகிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். நீங்களும் முன்னதாக வாருங்கள் என்று அவர்கள் பதில் சொல்லவில்லை. ஒரு நாளை ஒதுக்கி, அந்நாளில் அவர்களைச் சந்தித்து உபதேசித்தார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் கல்வி பற்றிய பாடத்திலேயே இடம்பெற்றுள்ளது. சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) இரவுத் தொழுகையில் இடப்பக்கம் வந்து நின்றபோது, அண்ணலார் தம் கையாலேயே அவரைப் பிடித்து வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவரைத் தம்மோடு அணைத்துக்கொண்டு, வேத அறிவுக்காக துஆச் செய்ததும் புகாரியில் உள்ளது. நிற்க வேண்டிய இடத்தில் பிள்ளையை நிறுத்துவது கற்பிப்பவரின் கடமையாக இருந்திருக்கிறது.

அறிவும் முதிர்ச்சியும் உடையவர்கள் தமக்கு அடுத்து நிற்கட்டும் என்ற நபிமொழியைக் காட்டிப் பிள்ளைகளைத் தொழுகையின் கடைசி வரிசைக்குத் துரத்துவோர் மக்தபிலும் அதே மனநிலையில் இருக்கிறார்கள். அது தொழுகையின் ஸஃப்பைப் பற்றியது. இமாமின் தொழுகையைக் கற்றுப் பிறருக்குச் சொல்லவும், தேவைப்பட்டால் அவர் இடத்தில் நிற்கவும் தகுதியானவர்கள் பின்னால் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் அதற்குக் காரணம் கூறுகிறார்கள். ஓதப் படிக்க வந்த பிள்ளைகளின் வட்டத்துக்கு அதை நீட்டுவதற்கில்லை.

இனி, சங்கடமான ஒன்று. உஸ்தாதின் அருகே அமரப் பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள்? அருகிடம் என்பது பல மக்தப்களில் பிரம்பு எட்டும் இடம். நம் தலைமுறையில் வாசலருகே இடம் பிடிக்க நாம் முண்டியடித்ததற்கும் அதுவே காரணம். இப்போது அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்ரஸாக்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அந்த விலக்கை நம் சமயக் கல்வியின் சுதந்திரத்துக்காக நாம் விரும்பி ஏற்றோம், பிரம்புக்காக ஏற்கவில்லை. தொழுகையில் அறியாமல் பேசிவிட்ட முஆவியா பின் அல்ஹகம் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கடிந்துகொள்ளவோ அடிக்கவோ ஏசவோ இல்லை என்றும், அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் முன்னும் பின்னும் கண்டதில்லை என்றும் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பிரம்பு அலமாரிக்குள் போகாத மக்தபில், தடுமாறும் பிள்ளையை முன்னால் அமர்த்துங்கள் என்று நாம் பரிந்துரைக்க மாட்டோம். அஞ்சி நடுங்கும் பிள்ளைக்கு எதுவும் காதில் ஏறாது.

வரிசைகளையே ஒழித்துவிட்டால் என்ன என்ற யோசனையும் உண்டு. கடைசி பெஞ்ச் மாணவர்களைப் பற்றி 2024-இல் வெளிவந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளத் திரைப்படத்தின் தாக்கத்தால், கேரளப் பள்ளிகள் சிலவற்றில் இருக்கைகளைச் சுவரோரமாகச் சுற்றிப் போட்டார்கள். 2025-இல் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை முறை பெரிதாகப் பேசப்பட்டது. பக்கவாட்டில் அமரும் பிள்ளை நாள் முழுதும் கழுத்தைத் திருப்ப வேண்டும், பலகை சாய்வாகத் தெரியும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. கரும்பலகை அதிகம் பயன்படாத மக்தபுக்கு அந்தக் குறை பெரிதாகப் பொருந்தாது. வட்டமாக அமர்வது நமக்குப் புதிதுமன்று. நபியின் பள்ளிவாசலில் மூவர் வந்து, ஒருவர் வட்டத்தில் இடைவெளி கண்டு அமர்ந்ததும், ஒருவர் பின்னால் அமர்ந்ததும், ஒருவர் திரும்பிச் சென்றதுமான நபிமொழி நாம் அறிந்ததே. இருபது பிள்ளைகள் வரை அரைவட்டம் போதும். அதற்கு மேல் எண்ணிக்கை போனால் அரைவட்டத்துக்குப் பின் இன்னோர் அரைவட்டம் தோன்றிவிடும்; மீண்டும் அதே கேள்வி.

இட மாற்றம் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. காது மருத்துவரும் கண் மருத்துவரும் செய்ய வேண்டியதைப் பாய் செய்யாது. முன்னால் அமர்த்துவதிலும் பக்குவம் வேண்டும். ஒரு காது மட்டும் மந்தமான பிள்ளையென்றால் நன்றாகக் கேட்கும் காது உஸ்தாதின் பக்கம் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வாசலுக்கு எதிரேயும் உள்ள முன்வரிசை, பெயரளவில்தான் முன்வரிசை. சில பிள்ளைகளுக்கு எல்லோருடைய பார்வையும் முதுகில் விழுவது தாங்காது. அவர்களை முன்வரிசையின் ஓரத்தில் அமர்த்தலாம். முக்கியமாக, இது மந்தமான பிள்ளைகளின் வரிசை என்ற பெயர் வந்துவிடக் கூடாது. எங்கள் உஸ்தாத் இதற்குக் கண்ட வழி எளியது. நன்றாக ஓதும் இரண்டு பிள்ளைகளையும் மாதம்தோறும் மாற்றி அங்கேயே அமர்த்துகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அவர்கள் பாடம் கேட்கிறார்கள். அத்துடன் அவர் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதில்லை. பிந்திய வரிசைப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் நேரத்தில் தம் சிறு மேசையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவே போய் அமர்ந்துவிடுகிறார். அறுபது வயது உஸ்தாதிடம் இதை எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மையே.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் நாம் அதைச் செய்வதில்லை. ஒரு நாள் மக்தபுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சென்று, பிள்ளை அமரும் இடத்தில் நாமே அமர்ந்து பார்க்கலாம். பலகை தெரிகிறதா, குரல் தெளிவாக விழுகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொலைக்காட்சியை நெருங்கிச் சென்று பார்ப்பது, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாதது, எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றிப் படிப்பது ஆகியவற்றைக் குறும்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லலாம். உடல் குறையையோ கற்றல் குறைபாட்டையோ மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியைச் செய்து தருவது அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியின் கடமையாகிறது. கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. குறை வெளியே தெரிந்தால் நாளை பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகுமே என்று அஞ்சி, ஏழு வயதுப் பிள்ளையின் காதைப் பற்றிப் பேசாமல் மறைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தைக் கேலி செய்ய நாங்கள் விரும்பவில்லை. அதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது என்பதை மட்டும் கூறிக்கொள்கிறோம்.

அந்தச் சிறுவனுக்கு இப்போது காது தெளிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அம்ம ஜுஸ்வில் பாதி தாண்டியிருக்கிறான். ஸாவும் ஸாதும் அவன் வாயில் தனித்தனியாக நிற்கின்றன. ஷவ்வாலில் மக்தப் மீண்டும் திறந்தபோது உஸ்தாத் அவனை இரண்டாம் வரிசைக்கு மாறச் சொன்னார். முதல் நாள் மறுத்து அழுதான், மறுநாள் தானே எழுந்து போனான். அவன் இருந்த இடத்தில் இப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அமர்கிறாள். குர்ஆனை முகத்துக்கு மிக அருகில் பிடித்து ஓதுகிறாள், அடிக்கடி கண்ணைக் கசக்குகிறாள். அவளுடைய வாப்பா வெளியூரில் வியாபாரம் செய்பவர், மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வருகிறார். இந்த ஜும்ஆவுக்கு வருவார் என்று சொன்னார்கள். தொழுகை முடிந்ததும் அவரைச் சந்தித்துப் பேசவிருக்கிறோம்.